நான் எழுதாத நான்கு எண்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மயக்க மருந்து டாக்டர். உயிர் ஏறுவதையும் இறங்குவதையும் மானிட்டரில் பார்த்தே இருபது வருடம் ஓட்டியவன், எனக்கென்ன பயம்? கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஒரே நேரத்தில் இரண்டு ஆபரேஷன் தியேட்டர் ஓடும், மயக்கம் கொடுக்க நான் ஒருவன்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடித்துடிப்பைப் பார்த்துச் சார்ட்டில் குறிக்க வேண்டும். நான் 78, 76, 80 என்று முன்கூட்டியே மொத்தமாக எழுதி வைத்துவிட்டு அடுத்த தியேட்டருக்குப் போய்விடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் செல்வி என்று ஒரு பெண், திருவிடைமருதூர் பக்கம், கர்ப்பப்பை ஆபரேஷன். சாயங்காலம் 4.10க்கு அவளை விட்டுப் போனேன், 4.30க்குத் திரும்பினேன். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சர்ஜன் மானிட்டர் அலாரத்தை அணைக்கச் சொல்லியிருந்தார், அணைத்தது நான். துடிப்பு நின்றிருந்தது. எவ்வளவோ போராடினோம், வரவில்லை.

அவள் புருஷன் கலியமூர்த்தியிடம் சர்ஜன், "திடீர்னு நின்னுடுச்சுங்க, டாக்டர் பக்கத்துலயேதான் இருந்தாரு" என்றார். நான் தலையாட்டினேன். சார்ட்டில் என் நல்ல எண்கள் அப்படியே இருந்தன. திடீரென்று என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு தூங்கினேன்.

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர்கள் கூட்டத்தில் எங்கள் துறையின் புதிய ஆய்வுகளைப் பற்றிப் பேச என்னையே கூப்பிட்டார்கள். நோயாளியை விட்டு நகரக்கூடாது, அலாரத்தை அணைக்கக்கூடாது என்று ஸ்லைடு போட்டு முழங்கினேன், கைதட்டினார்கள். வெட்கங்கெட்டவன் நான். மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பெரியவருக்குக் குடலிறக்க ஆபரேஷன், வழக்கம்போல எண்களை எழுதி வைத்துவிட்டு அடுத்த தியேட்டருக்குப் போனேன்.

திரும்பி வந்து சார்ட்டை எடுத்தால், நம்பினால் நம்புங்கள், நான் எழுதியதற்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தது. 4.10க்கு 64. 4.15க்கு 52. 4.20க்கு 40. 4.25க்கு 28. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. பெரியவர் நன்றாகத்தான் இருந்தார்.

"சிஸ்டர், இதை யாரு எழுதுனது?"

அவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். 4 போடும்போது மேலே மூடாமல் விடுகிற என் கோணல்கூட அப்படியே இருந்தது. ஆனால் செல்வியின் அந்த இருபது நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. பழைய மானிட்டர், எதையும் சேமித்து வைக்காது. அப்படியென்றால் திடீரென்று நிற்கவில்லை, எனக்கு நேரம் கொடுத்து மெதுவாக இறங்கியிருக்கிறது. துடிப்பை ஏற்றுகிற ஒரு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள். அந்த ஊசி அன்றைக்கு என் பாக்கெட்டிலேயே இருந்தது.

பெரியவருக்கு வேறு சார்ட் எழுதி வைத்துவிட்டு அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி ஒரு தியேட்டர்தான் பார்ப்பேன் என்று சர்ஜனிடம் சொன்னேன். அடுத்த வாரமே வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

இந்தத் தையிலும் கலியமூர்த்தி வந்தார். சம்பா அறுப்பு முடிந்ததும் வருடா வருடம் ஒரு மூட்டை புது அரிசி கொண்டுவருவார். "கடைசி வரைக்கும் நீங்க கூடவே இருந்தீங்களே சார், எங்களுக்கு அது போதும்" என்றார். தாள் மேஜை டிராயரில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று டிராயரைத் திறந்தேன், மூடினேன். "காபி சாப்பிடுங்க" என்றேன்.

அவர் போனபிறகு தாளைப் பிரித்தேன். மேலே நான் எழுதியிருந்த நல்ல எண்கள் ஒன்றுகூட இல்லை, அந்த இடம் வெள்ளையாக இருந்தது. கீழே அந்த நான்கும் அப்படியே இருக்கின்றன.

அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். கொடுக்கவில்லை. தினமும் அதைத்தான் சாப்பிடுகிறோம்.