வடிகாலுக்குள் நகர்ந்த வரப்பு

டோல்கேட்டைத் தாண்டியதும் வரும் சின்னப் பாலத்தில் நான் ஏன் ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்கிறேன் என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அது உண்மைதான், ஆனால் முழுசும் இல்லை. மீதியை வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நடவுக்கு முன்னால் வரப்பை அண்டை வெட்டுவோம், பார்த்திருக்கிறீர்கள். பக்கவாட்டில் முளைத்த புல்லையும் எலி வளையையும் மண்வெட்டியால் சீவிவிட்டுச் சேறு பூசுவது. நம் வயலுக்கு வடக்கே ஊர் வடிகால் ஓடுகிறது. அந்தப் பக்கத்து வரப்பை நான் உள்பக்கம் மட்டும் சீவி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் அணைத்துவந்தேன். வருஷத்துக்கு ஒரு சாண்கூட இருக்காது. கண்ணுக்கே தெரியாது. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் வரப்பு வடிகாலுக்குள் நடந்துபோய்விட்டது. எனக்கு நான்கு வரிசை நாற்று கூடுதல். வடிகால் கோடையில் பார்த்தால் ஒற்றையடிப் பாதை.

அப்படி ஒரு சித்திரை வெயிலில்தான் சர்வேயர் வந்தார். எதற்கு அளக்கிறார்கள் என்று அப்போது ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

"மேப்புல இங்க ஒரு வடிகால் காட்டுதே, எங்க?" என்றார்.

வடிகால் என்று சொன்னால் அளக்கச் சங்கிலியைப் போடுவார், என் வரப்பு மாட்டிக்கொள்ளும். அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

"அது அந்தக் காலத்து வாய்க்கா சார். தூந்துபோச்சு. இப்ப தண்ணியெல்லாம் வர்றதில்ல."

'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதி, பக்கத்து வயல்காரர் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார். போட்டேன். உங்கள் அம்மாவிடம் சொன்னபோது, "ஐப்பசியில அந்தாளக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, தூந்துபோன வாய்க்கா எப்படி ஓடுதுன்னு" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

அடுத்த தை மாசம் விஷயம் வெளியே வந்தது. தஞ்சாவூரைச் சுற்றிப் புறவழிச் சாலை. நாலு வழி, காசு கட்டிப் போகிற சாலை. நம் ஊர் வெளியை நடுவில் வகுந்துகொண்டு, ஆள் உயரத்துக்கு மண் அடித்துப் போகும். ஊரே கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் திடலில் கூடி ஒரு கமிட்டி போட்டோம். வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மனு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கோஷம் போடும்போதும் என் குரல்தான் பெரிசாகக் கேட்கும்.

நமக்கு மேற்கே வயல் வைத்திருக்கும் பெரியம்மாவை உங்களுக்குத் தெரியும். புருஷன் இல்லாமல் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். அந்த வயல் தண்ணீர் நம் ஓரத்து வடிகால் வழியாகத்தான் கிழக்கே போய் வடியும். ஒருநாள் கூட்டத்தில் அவர் என்னைக் கேட்டார்.

"ஏந்தம்பி, வடிகாலப் பத்தி எழுதினியா? மண்ணக் கொட்டி மூடிட்டா என் வயலு குளமாயிடும்."

"எல்லாம் சேத்துதான் எழுதியிருக்கு பெரியம்மா."

எழுதவில்லை. எழுதினால் சர்வே நோட்டைப் புரட்டுவார்கள் என்று பயம்.

ஐப்பசியில் டிப்பர் லாரிகள் வந்தன. நம் வயலின் கிழக்கு முனையில் கிராவல் மண் கொட்டி நிரவினார்கள். வடிகாலின் வாய் அதற்கு அடியில் போனது. மறுநாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. நம் வயல் ஒரு முழம் மேடு, தப்பித்தது. பெரியம்மாவின் வயலில் நட்டு இருபது நாள் ஆன சம்பாப் பயிர், நுனி மட்டும் மிதந்தது. இன்னும் ஒரு நாள் நின்றால் அழுகிவிடும்.

மூன்றாம் நாள் காலை ஊர் முழுக்க அங்கே நின்றது. ஜேசிபியை மறித்துப் பெண்கள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வேன் வந்தது. தாசில்தார் அம்மா குடையோடு வந்து இறங்கினார்.

"பாலம் இல்லாம மண்ணக் கொட்டுனா நாங்க எங்கம்மா போறது?" என்று கமிட்டித் தலைவர் கத்தினார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர்.

"இங்க வடிகாலே ஓடலன்னு ரெக்கார்டுல இருக்கு. உங்க ஊர்க்காரர் ஒருத்தரே கையெழுத்துப் போட்டிருக்காரு." தாசில்தார் அம்மா பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை உருவினார்.

"எவன் அவன்?" என்று ஒரு குரல்.

"எவனும் இல்ல! கள்ளக் கையெழுத்து! இவங்களே போட்டுக்கிட்டது!" என்றார் அண்ணன். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. கள்ளக் கையெழுத்து, கள்ளக் கையெழுத்து என்று ஒரே கூச்சல். அண்ணன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "எழுதுறா தம்பி. இது ஒண்ணு போதும். கோர்ட்டுக்குப் போனா ரோட்டையே நிறுத்திப்புடலாம்."

என் கையில் பேனா இருந்தது. எழுதினால் யாரும் என்னைக் கண்டுபிடிக்க மாட்டார்கள், சாலையும் நிற்கலாம். ஆனால் கோர்ட்டு இன்றைக்கே தண்ணீரை வடித்துவிடாது. பெரியம்மா வயலுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, குனிந்து ஒரு பயிரைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கையை எடுத்தால் அது மறுபடியும் சாய்ந்தது. சேற்றில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மா என்னையே பார்த்தாள்.

"அது கள்ளக் கையெழுத்து இல்லண்ணே. நான் போட்டது."

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. "என்னடா சொல்ற?"

வரப்பைக் காட்டினேன். எவ்வளவு நகர்த்தினேன், ஏன் பொய் சொன்னேன், எல்லாம் சொன்னேன். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "மனு எழுதுற ஐயாவே இவர்தானா? நல்லா எழுதுனாருய்யா!" அதற்குச் சிரித்தவர்களும் உண்டு.

தாசில்தார் அம்மா ஒரு வெள்ளைத் தாளை என்னிடம் நீட்டினார். "சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க" என்றார். ஜேசிபி எஞ்சின் மூடிமேல் காகிதத்தை வைத்து, குடை பிடிக்கச் சொல்லி, இங்கே வடிகால் ஓடுகிறது, அதை நெருக்கியது நான் என்று எழுதினேன். என் முத்து எழுத்து அன்றைக்கு ஓடிக் கலைந்திருந்தது.

கொட்டிய மண்ணை வடிகால் வாயில் மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னார். பிறகு அதே ஜேசிபி என் வரப்பைப் பழைய இடம்வரைக்கும் வாரியது. நான்கு வரிசைப் பயிரும் அதோடு போனது. தண்ணீர் திமுதிமுவென்று கிழக்கே ஓடியது. சாயங்காலத்துக்குள் பெரியம்மாவின் பயிர் பாதி தலை தூக்கியது. பள்ளத்தில் இருந்த ஒரு மா நிலத்துப் பயிர் மட்டும் அழுகிவிட்டது. நம் நாற்றங்காலில் மிச்சம் கிடந்த நாற்றைப் பறித்துக்கொண்டுபோய் நானும் அம்மாவும் அதை நட்டுக் கொடுத்தோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை.

சாலை நிற்கவில்லை. வடிகால் ஓடுகிற இடத்தில், நான் குனிந்து பார்க்கிற அந்தச் சின்னப் பாலத்தைக் கட்டினார்கள், அவ்வளவுதான். அண்ணன் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "நீ வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா இந்த டோல்கேட்டே வந்திருக்காதுடா" என்று ஒரு கல்யாண வீட்டில் பந்தியிலேயே சொன்னார். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா அடுத்த வருஷம் நான் அண்டை வெட்டும்போது வந்து நின்றார். கையில் ஒரு கழி.

"என்ன பெரியம்மா?"

"நீ வெட்டு தம்பி. நான் சும்மா நிக்கிறேன்."

வடிகால் ஓரத்தில் கழியை ஊன்றிக்கொண்டு, வரப்பு முடியும்வரைக்கும் நின்றார். ஒவ்வொரு வருஷமும் வருகிறார். நான் அவரைக் கேட்டுத்தான் மண்வெட்டியை எந்தப் பக்கம் போடுவது என்று முடிவு செய்கிறேன். இந்த ஆடியில் முழங்கால் வலி, வர முடியவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினார். கழியை மட்டும் கொடுத்துவிட்டிருந்தார். வடிகால் ஓரத்தில் அவர் நிற்கிற இடத்தில் அதை நானே ஊன்றிவிட்டுத்தான் வெட்ட ஆரம்பித்தேன்.