கார்கோ கடை வழியாகப் போன பிட்காயின்

விவேக் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். பிட்காயின் வாங்கி விற்கும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு யாரும் நேரில் வருவதில்லை. வந்தால் உட்கார வைக்க இடமும் இல்லை. சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கட்டடத்தின் உயரமான மாடியில் நாங்கள் கொஞ்சப் பேர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். வரவேற்பு மேசையில் ஒரு மணிபிளாண்ட் மட்டும் இருக்கும். அதை வரவேற்பாளர் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அங்கே காம்ப்ளையன்ஸ் பிரிவில் இருந்தேன். அதற்கு முன் பல வருடம் வங்கியில், ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்ட்டரில் வேலை. காம்ப்ளையன்ஸ் என்றால் கணக்கு திறக்க வருபவர் யார், பணம் யாருடையது, எங்கிருந்து வருகிறது என்று கேட்பது. சுருக்கமாகச் சொன்னால், சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுவது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அனுபவம் ஏதாவது சொல்லச் சொல்கிறார்கள். சொல்லும்படியாக ஒன்றுதான் இருக்கிறது. அந்த வழக்கு முடிந்துவிட்டது, அதில் மாட்டிய என் நண்பனே தெருவெல்லாம் சொல்லிவிட்டான், அதனால் எழுதலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். "என் பேர மாத்தாத மணி, கடைக்கு விளம்பரம்" என்றான் அவன். அவன் பெயரைத்தான் முதலில் மாற்றினேன்.

1. அங்கே சிங்கப்பூர்க்காரர், இங்கே அமெரிக்கர்

விவேக்குக்கு முப்பது வயது இருக்கும். ஈரோட்டில் பிறந்து, டெக்சஸில் வளர்ந்து, அமெரிக்கக் குடிமகன் ஆகி, வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவர். எங்களிடம் கணக்கு கேட்டு விண்ணப்பித்திருந்தார். மறுத்திருந்தோம். ஏன் என்று கேட்கத்தான் நேரில் வந்தார்.

"சார், டெக்சஸ்ல இருந்தப்ப அங்க ஒரு எக்ஸ்சேஞ்ச்ல மாசாமாசம் கொஞ்சம் பிட்காயின் வாங்கிட்டு இருந்தேன். இங்க வந்து லாகின் பண்ணேன். நீங்க வெளிநாட்டுல இருக்கீங்கன்னு லாக் பண்ணிட்டாங்க. சரி, இங்கயே வாங்கலாம்னா, நீங்க அமெரிக்கன்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

"அப்ப அங்க நான் சிங்கப்பூர்க்காரன். இங்க நான் அமெரிக்கன்."

"சரியாத்தான் புரிஞ்சிருக்கீங்க."

அமெரிக்கர் எந்த நாட்டில் குடியிருந்தாலும் அமெரிக்காவின் வரிச் சட்டமும் பங்குச் சட்டமும் கூடவே வரும். அவருக்குக் கணக்கு கொடுக்கும் நிறுவனம் அந்த ஊர் அதிகாரிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்களைப் போன்ற சின்ன எக்ஸ்சேஞ்ச் கையைச் சுட்டுக்கொள்ள விரும்பாமல் அமெரிக்கப் பாஸ்போர்ட் என்றாலே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தது. விவேக்கிடம் நல்ல வேலை, வேலை அனுமதி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. அவ்வளவு சுத்தமான விண்ணப்பத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதைத்தான் நிராகரித்திருந்தோம்.

"நான் தமிழன்தானே சார்?"

"விண்ணப்பத்துல தமிழனுக்குன்னு தனிக் கட்டம் இல்லங்க."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. அமெரிக்கரா இல்லாம இருக்கணும். அதுக்குத் தூதரகத்துல விண்ணப்பம் குடுக்கலாம்."

அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

கிளம்பும்போது, ஈரோட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு பெட்டி அனுப்ப வேண்டும், நல்ல கார்கோ கடை இருக்கிறதா என்று கேட்டார். லிட்டில் இந்தியாவில் என் நண்பன் ஷாகுலின் கடைக்கு வழி சொன்னேன். வந்த மனிதருக்கு ஏதோ ஓர் உதவியாவது செய்தோமே என்று திருப்தியாகக்கூட இருந்தது.

2. சும்மா போகும் கிலோ

ஷாகுலும் நானும் பிடோக்கில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் புக்கிட் பாத்தோக்குக்குக் குடி போன பிறகும் சனிக்கிழமை மாலை அவன் கடையில்தான் எனக்கு டீ. சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் கடை. பெட்டி, டேப், தராசு, ஷாகுல். இவை நான்கும் போக ஒரு வாடிக்கையாளர் நிற்கலாம்.

பெட்டிகள் கப்பலில் போகும். அவசரமானவை ஆட்களோடு போகும். திருச்சி விமானத்துக்கு டிக்கெட் எடுத்தவர் யாரைப் பார்த்தாலும் ஷாகுல் கேட்பான்: "எத்தன கிலோ மிச்சம் இருக்கு?" ஐந்து கிலோ என்றால், யாரோ ஒருவரின் அப்பாவுக்கு முட்டி வலித் தைலமும், யாரோ ஒருவரின் மகளுக்குப் பால் மாவும் அவர் பெட்டிக்குள் ஏறிவிடும். இதற்கு ஷாகுல் காசு வாங்குவதில்லை. "சும்மா போற கிலோதானே லா" என்பான், சிங்கப்பூர்ப் பாணியில். விமான நிலையத்தில், பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்பார்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். நம் சனங்களுக்கு இதில் தப்பு எதுவும் தெரியாது. எனக்கும் தெரிந்ததில்லை. நானே இரண்டு முறை யாருடைய மிக்ஸியையோ சுமந்திருக்கிறேன்.

விவேக் பெட்டி அனுப்பப் போனார். ஷாகுலோடு பழகிவிட்டார். ஷாகுலோடு பழகாமல் வெளியே வருவதுதான் கஷ்டம். பேச்சுவாக்கில் தன் குறையைச் சொல்லியிருக்கிறார். சும்மா கிடக்கும் இடம் ஏதாவது இருக்கிறதா என்று ஷாகுல் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை இந்த முறை தன்னிடமே கேட்டிருக்கிறான்.

3. அலெர்ட்

எங்கள் வேலையில் யாரையும் நாமாகத் தேடிப் பிடிப்பதில்லை. சிஸ்டம் அலெர்ட் கொடுக்கும், நாம் திறந்து பார்ப்போம். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்று வந்தது. புதிய கணக்கு. மாதம் ஒருமுறை பணம் உள்ளே வருகிறது, உடனே பிட்காயின் ஆகிறது, அன்றே வெளியே ஒரு வாலட்டுக்கு, அதாவது வேறொரு பிட்காயின் பைக்கு, போய்விடுகிறது. கணக்கில் எதுவும் தங்குவதில்லை. போகும் வாலட் முகவரி, ஏற்கெனவே நிராகரித்த ஓர் அமெரிக்கரின் விண்ணப்பத்தில் இருந்த அதே முகவரி.

கணக்குக்காரர் பெயரைப் பார்த்தேன். ஷாகுல். தொழில், கார்கோ.

இந்தக் காலத்துச் சிங்கப்பூரில் தன் கணக்கை இன்னொருவர் பணத்துக்கு விடுவது சின்ன விஷயம் இல்லை. மோசடிக் கும்பல்கள் இப்படித்தான் பணத்தை நகர்த்துகின்றன. அதனால் போலீஸும் வங்கிகளும் கருணை காட்டுவதில்லை. விவேக் மோசடிக்காரர் இல்லை என்று எனக்குத் தெரியும். திரைக்குத் தெரியாது. விசாரணையில் ஷாகுல் ஏதாவது மறைத்தான் என்று வந்துவிட்டால் கடையின் வங்கிக் கணக்கு முடங்கும், நீதிமன்றம் வரை போகலாம். அந்தச் சந்துக் கடையை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

தெரிந்தவர் என்றால் கோப்பைத் தொடக்கூடாது. மேலாளரிடம் சொன்னேன். கோப்பு பக்கத்து நாற்காலி பிரியாவுக்குப் போனது. பிரியா கெட்டிக்காரப் பெண். கண்டிப்பானவளும்கூட.

"ரொம்பத் தெரிஞ்சவரா அண்ணே?"

"ஒரே பெஞ்ச்."

"அப்ப உங்களுக்கு டிப்பிங்-ஆஃப் ரூல் நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். ஒருவரைப் பற்றிப் போலீஸுக்குச் சந்தேக அறிக்கை போகிறது என்று அவருக்கே குறிப்புக் காட்டுவது குற்றம். ஜாடையாகவும் காட்டக்கூடாது. பல வருடமாக அந்த வகுப்பை எடுத்தவனே நான்தான்.

4. மழை வரும் போலிருந்தது

அந்தச் சனிக்கிழமை போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் போகாமல் இருப்பதே ஒரு குறிப்பு ஆகிவிடுமோ என்று பயம். போனேன்.

ஷாகுல் டீயை நீட்டினான். "மணி, உங்க ஆபீஸ்ல என் அக்கவுண்ட்ட நிறுத்தி வச்சிருக்காங்க. என்னான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு லா."

அவன் எங்களிடம் கணக்கு வைத்திருப்பதே எனக்குத் தெரியாது என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு நடிப்பு வராது. "அது வேற டிபார்ட்மெண்ட்" என்றேன்.

"திங்கக்கிழம போன் பண்ணுவாங்களாம். யாரு காசுன்னு கேட்டா, உங்க சொந்தக் காசுன்னு சொல்லிடுங்க பாய், பிரச்சனை இருக்காதுன்னு விவேக் தம்பி சொல்றாரு. நீ என்ன சொல்ற? அப்படிச் சொன்னாப் போதுமா?"

அப்படிச் சொன்னால் அவன் தொலைந்தான். அழைப்பு பதிவாகும். பணம் விவேக்கின் கணக்கிலிருந்து வந்தது எங்கள் திரையில் தெளிவாக இருக்கிறது. அந்த ஒரு பொய்யே போதும், தெரியாமல் செய்தான் என்று சொல்ல வாய்ப்பிருக்காது. உள்ளதைச் சொல்லிவிடு பாய் என்று ஒரு வரி. அந்த வரி வாய் வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால், உள்ளதை ஏன் சொல்ல வேண்டும், என்ன நடக்கிறது என்று அவன் கேட்பான். நான் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

"தெரியல பாய்" என்றேன்.

"உனக்கே தெரியலையா?"

"மழை வரும் போலருக்கு. கெளம்புறேன்."

வானம் பளிச்சென்று இருந்தது. ஷாகுல் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தான். ரயிலில் புக்கிட் பாத்தோக் வரை நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. நான் செய்தது சரி. இப்போதும் அதைத்தான் செய்வேன்.

5. தமிழ் பேசிய பெண்

திங்கட்கிழமை பிரியா ஹெட்செட்டை மாட்டியதும் நான் டீ போடும் பேன்ட்ரிக்குப் போய்விட்டேன். கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது பிரியாவின் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. நல்ல பயிற்சி. நான் கொடுத்ததுதான்.

என்ன நடந்தது என்று ஷாகுலே பிறகு சொன்னான். எனக்கு மட்டுமல்ல, பக்கத்துப் பூக்கடைக்காரருக்கும் சொன்னான்.

"யாரு காசுன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. என் காசுன்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். அது அவ்ளோ நல்லா தமிழ் பேசுது லா. ஐயா, சாப்டீங்களான்னு வேற கேட்டுச்சு. அதுகிட்ட எப்படிப் பொய் சொல்றது? விவேக் தம்பி காசுன்னுட்டேன். ஏன் நீங்க வாங்கிக் குடுக்கிறீங்கன்னு கேட்டுச்சு. அவருக்கு நீங்க இடம் குடுக்கல, எனக்குக் குடுத்திருக்கீங்க, என்கிட்ட சும்மா கெடக்குது, அதான் குடுத்தேன்னேன். உங்களுக்கு எவ்ளோ கமிஷன்னு கேட்டுச்சு. கோவம் வந்துருச்சு எனக்கு. நல்லா ஏசிட்டேன்."

உள்ளதைச் சொன்னதும், கமிஷன் என்ற சொல்லுக்கே அப்படி ஏசியதும்தான் அவனைக் காப்பாற்றின. அறிக்கை போனது. எங்கள் கணக்கை மூடினோம். போலீஸ் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கியது. கடையின் வங்கிக் கணக்கு கொஞ்ச நாள் முடங்கியது. அந்த நாட்களில் ஷாகுல் இளைத்துப்போனான், டீ போடுவதையும் விட்டுவிட்டான். ஆனால் முதலிலிருந்து கடைசி வரை ஒரே பதில், காசில்லாமல் செய்த வேலை, பணமும் விவேக்கின் சம்பளம்தான் என்று தெரிந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். வங்கிக் கணக்கும் திறந்தது.

விவேக் கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். ஷாகுல் அவருக்கு டீ கொடுத்து, இனி அம்மாவுக்குப் பெட்டி மட்டும் அனுப்பச் சொன்னான். பிறகு அவரை நிறுவனம் டெக்சஸுக்கே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. விமானம் இறங்கியதும் பழைய கணக்கு தானாகத் திறந்துவிட்டதாம்.

6. உள்ளே என்ன இருக்கிறது

என் தங்கைக்கு மன்னார்குடிக்கு ஒரு பெட்டி அனுப்ப வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு ஷாகுல் கடைக்குப் போனேன். அதுவரை என் பெட்டியை அவன் பிரித்துப் பார்த்ததே இல்லை. அப்படியே தூக்கித் தராசில் வைப்பான். அன்று கத்தியை எடுத்து டேப்பை அறுத்தான்.

"உள்ள என்னா?"

"சட்டைத்துணி, சாக்லெட், மைலோ."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

"எங்க வாங்கினே? பில் இருக்கா?"

ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தான். பின்னால் நின்ற பெண் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் சொன்னா நம்ப மாட்டியா பாய்?"

"நீ சொன்னா நம்புவேன் லா. நீதான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறியே."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் பெட்டியை நிறுத்துக் கொடுத்து அனுப்பியபின், அவன் டீ போட்டான். இவ்வளவு நாளுக்குப் பிறகு எனக்கு முதல் டீ. அப்போதுதான் என் வேலை என்ன என்பதை அவனிடம் முதல் முறையாக முழுதாகச் சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் சேர்ந்ததிலிருந்து அவன் கேட்டபோதெல்லாம் "கம்ப்யூட்டர்ல வேல" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். யாருக்குக் கணக்கு இல்லை, ஏன் இல்லை, ஒருவர் கணக்கில் இன்னொருவர் பணம் வந்தால் என்ன ஆகும், அலெர்ட் வந்த பிறகு நான் ஏன் ஊமை ஆகிவிடுவேன், எல்லாம் சொன்னேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். அலெர்ட் வந்த பிறகு நண்பனிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. வருவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சம்பளம் வாங்கி ஊருக்கெல்லாம் கேள்வி கேட்பவர்கள், வேண்டியவர்களிடம் அதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

ஷாகுல் முழுதும் கேட்டான். என் பொருட்களைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கினான். மேலே டேப் ஒட்டினான்.

"இவ்ளோதானா? இத முன்னாடியே ஒரு சனிக்கெழம சொல்லியிருந்தா, அந்தத் தம்பிகிட்ட முடியாதுன்னு சொல்லியிருப்பேனே மணி" என்றான்.