ஆராவுக்குப் போன ஆண்பூக்கள்

என் சித்தப்பா பூக்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போன கதையை எங்கள் வீட்டில் யாரும் நேராகச் சொல்வதில்லை, சிரித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் வெளிநாட்டில், ஓல்டன் என்ற நகரத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயது.

சித்தப்பாவுக்கு நாற்றுத்தோட்டம் ஒன்றில் வேலை. அங்கே கழித்துவிட்ட இரண்டு கடற்கரை ஸ்ட்ரோபெரிக் கன்றுகளைக் கொண்டுவந்து, ஒன்றை எங்கள் பல்கனியில் ஒரு பெட்டியில் நட்டுவைத்தார். மற்றதைப் பக்கத்து நகரமான ஆராவில் இருந்த ஓர் அக்காவுக்குக் கொடுத்தார். அந்த அக்கா தன்னுடைய தமையன் வீட்டில் இருந்தா. கடல் மணலில், உப்புக்காற்றில் வளர்கிற காட்டுச்செடியாம். இலைகள் தடிப்பாக, எண்ணெய் பூசியதுபோல மினுங்கின. கீழ்ப்புறம் பட்டுப்போல மெல்லிய மயிர். சிவந்த கொடிகளை நாலாபக்கமும் ஓடவிட்டுப் பெட்டியையே நிரப்பிவிட்டது. மே மாதம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. காய்க்கத்தான் இல்லை.

பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு என்று சித்தப்பா விளங்கப்படுத்தினார். எங்களுடையது ஆண், அக்காவினுடையது பெண். நாங்கள் பூக்கொண்டு போகாவிட்டால் அது காய்க்கவே காய்க்காது. முதல் பழம் எனக்குத்தான் என்று சத்தியமும் பண்ணினார். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிறுதோறும் ஆராவுக்குப் போனோம். சாப்பாட்டுப் பெட்டிக்குள் பூக்கள், என் மடியில் பெட்டி, பக்கத்தில் அயன் பண்ணிய சேட்டுடன் சித்தப்பா. நான் இல்லாமல் ஒருநாளும் அவர் கிளம்பியதில்லை. அக்காவும் அவரும் பல்கனியில் குனிந்து பூவோடு பூவைத் தடவுவார்கள். பத்துப் பூவுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தார்கள். இந்த வேகத்தில் நான் எப்போது பழம் தின்பது என்று கோபம் கோபமாக வந்தது.

நாலாவது ஞாயிறு ஒரு பழம் சிவந்திருந்தது. சுண்டுவிரல் நுனியளவுதான். யாரும் கை வைக்கமுன் வாயில் போட்டுக்கொண்டேன். நான் சுமந்த பூவால் வந்த பழம் என்று எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

சித்தப்பா அடுத்த பூவை எடுத்தபோது அக்காவின் தமையன் பல்கனிக்கு வந்து, கீழ்வீட்டுக்காரியின் பாத்தியைக் காட்டினார். சாதாரண ஸ்ட்ரோபெரிதான், பாத்தி நிறையப் பூ. தேனீக்கள் அங்கிருந்து இங்கே வந்து போய்க்கொண்டிருந்தன.

“தம்பி, இது காய்க்க அந்தப் பூவே காணும், நீர் கொண்டுவரத் தேவையில்லை. தோட்டத்தில வேலை செய்யிற உமக்கு அது தெரியும்தானே?”

சித்தப்பா காதுவரை சிவந்தார். அக்கா உள்ளே ஓடிவிட்டா. எங்களை இனி வரவேண்டாம் என்கிறார் என்று நினைத்த எனக்கு அழுகை முட்டியது. எங்களுடைய பூதான் நல்ல பூ என்று வாதாடினேன். தமையன் சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவினார்.

“ஓம் பிள்ளை, நல்ல பூதான். அடுத்த ஞாயிறு அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

திரும்பும் ரயிலில் சித்தப்பா ஓல்டன் வரைக்கும் பாடிக்கொண்டு வந்தார். எனக்கோ ஒரே யோசனை. இருப்பது சின்னப் பல்கனி. இத்தனை பேர் நின்று பூத் தடவ அங்கே இடம் ஏது?