ஓரம் தடித்த சப்பாத்தி

குடும்பமாகச் சேர்ந்து சப்பாத்தி சுட்டோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், கல்லுக்கு முன்னால் நின்றது யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்னவாசல் அமுதவல்லி வீட்டில் அந்தக் கேள்வியை இரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

அமுதவல்லி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, குழம்பு வைத்து, முட்டை அவித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அடுப்புதான். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. அவளுடைய வயிற்றெரிச்சல் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தி மேல்தான்.

அதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் அவள் புருஷன் சோலையப்பன். பதினோரு வருஷம் துபாயில் இருந்துவிட்டு, சர்க்கரை வியாதியோடு ஊர் திரும்பியவர். ராத்திரிச் சோற்றைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னதுதான் தாமதம், "ஞாயித்துக்கெழமையானா குடும்பமே சேந்து சப்பாத்தி போடணும். பிள்ளைகளுக்கும் ஒத்துமை வரும்" என்று சட்டம் போட்டுவிட்டார்.

ஒற்றுமை வந்த அழகைக் கேளுங்கள். காலேஜில் படிக்கும் மகன் சிவபிரகாஷ் மாவு டப்பாவை எடுத்துக் கொடுப்பான். அதோடு அவன் பங்கு முடிந்தது. பத்தாவது படிக்கும் மகள் ஹரிணி நாலு சப்பாத்தி தேய்ப்பாள், அதை நாற்பது போட்டோ எடுப்பாள், 'எங்க வீட்டு சப்பாத்தி டே' என்று ஸ்டேட்டஸ் வைப்பாள். போட்டோவில் அப்பா சிரிப்பார், அண்ணன் சிரிப்பான், ஓரத்தில் அம்மாவின் முழங்கை தெரியும். சோலையப்பன் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மாவில் விரல் படாது. வாய் மட்டும் ஓயாது.

"மாவ இன்னும் கொஞ்சம் ஊறவிட்டுருக்கணும்."

"கல்லு காயல. அதுக்குள்ள போட்டா வரட்டியாத்தான் வரும்."

எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் தவறாமல், முதல் சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டதும் ஒன்று சொல்வார். "ஓரம் தடிப்பா இருக்கு, புள்ள."

சப்பாத்தி சுடச்சுட ஒவ்வொன்றாக மூன்று தட்டுகளுக்கும் போகும். மூன்று பேரும் கை கழுவி டி.வி. முன்னால் உட்கார்ந்த பிறகு அமுதவல்லிக்கு மிஞ்சுவது கடைசி மூன்று. ஆறி, விறைத்து, குருமாவில் ஊறப்போட்டால்தான் பல்லுக்குப் பணியும். கல்லிலிருந்து உப்பி எழுந்த சூட்டோடு ஒரே ஒரு சப்பாத்தி, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். பொன்னோ பட்டோ கேட்கவில்லை.

ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். "நானும் ஒங்ககூட உக்காந்து சூடா ஒண்ணு சாப்புடுறேனே."

"அப்ப யாரு சுடுறது?" என்றார் சோலையப்பன். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. பிள்ளைகள் இரண்டும் சிரித்தன. அமுதவல்லிக்குக் கரண்டியைத் தூக்கி எறியலாம் போல வந்தது. எறியவில்லை, அடுத்த உருண்டையை எடுத்தாள்.

இன்னொரு முள்ளும் அவள் நெஞ்சில் கிடந்தது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் சோலையப்பன் சொல்லி அனுப்புவார். "சமையக்காரின்னு போற வார எடத்துல எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத. ஸ்கூல்ல வேலைன்னு சொன்னாப் போதும்." அவர் துபாயில் பெரிய கம்பெனி சூப்பர்வைசர். பெண்டாட்டி அகப்பை பிடித்தால் கௌரவம் என்னாவது? அவளும் விழுங்கிக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இன்னாசி வந்தான். மணமேல்குடிக்காரன். துபாயில் சோலையப்பன் இருந்த அதே கேம்பில் இருந்தவன், லீவில் வந்திருந்தான். குடுமியான்மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மனைவி சந்தனமேரியோடு, சோலையப்பன் அண்ணனைப் பார்க்காமல் போவதா என்று சாயங்காலம் வாசலில் வந்து நின்றான். அவனைக் கண்டதும் சோலையப்பனுக்கு முகம் மலர்ந்தது, மறுகணமே சுருங்கியது. அமுதவல்லி அதைப் பார்த்தாள்.

அன்றைக்கும் அவள்தான் நின்றாள். கூடத்தில் ஐந்து தட்டுகள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து கால் கடுத்தது. வழக்கம்போல முதல் துண்டைப் பிய்த்த சோலையப்பன், விருந்தாளிகள் முன்னாலேயே, நாக்குக் கூசாமல் சொன்னார். "ஓரம் தடிப்பா இருக்கு, புள்ள."

அமுதவல்லிக்குக் காது சூடானது. பாவம் இன்னாசி, அவளுக்குப் பரிந்து பேசத்தான் வாயைத் திறந்தான்.

"எல்லாரும் ஒங்கள மாதிரி சுட முடியுமாண்ணே? மதினி நல்லாத்தான் சுட்டுருக்காங்க."

"யாரு மாதிரி?" என்றாள் அமுதவல்லி.

"அண்ணன் மாதிரிதான். என்ன மதினி தெரியாத மாதிரி கேக்குறீங்க? மெஸ்ஸுல ஒரு வேளைக்கு ஐநூறு சப்பாத்திக்குக் கொறையாது. சைட்லேர்ந்து வந்து தட்டோட வரிசையில நிப்போம். வெறும் வெரல்லயே திருப்பிப் போடுவாரு. பதினோரு வருசம் எங்களுக்கெல்லாம் சூடாப் போட்ட கை மதினி அது. அதத் தின்னு ரெண்டு வருசமாச்சு."

நன்றியோடுதான் சொன்னான். சோலையப்பன் முகத்தில் ஈயாடவில்லை. "குருமா ஊத்திக்கடா" என்றார். சிவபிரகாஷ் அப்பாவையே பார்த்தான்.

"சூப்பர்வைசர்னீங்க?" என்றாள் அமுதவல்லி.

"ஊருக்குள்ள சமையக்காரன்னா என்ன நெனைப்பாங்க..."

"என்ன நெனைப்பாங்க? சொல்லுங்க. நான் தொண்ணூறு பிள்ளைக்குச் சமைக்கிறேன். என்னைய என்ன நெனைக்கிறாங்க? நீங்க என்ன நெனைச்சீங்க?"

அவர் சமைத்தது அவளுக்குக் குறைச்சலே இல்லை. சொல்லியிருந்தால் தலை நிமிர்ந்து நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். அடுப்பின் சூடு என்னவென்று தெரிந்த மனிதர், நின்று நின்று கால் வீங்குவது என்னவென்று தெரிந்த மனிதர், நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளுக்குக் குற்றம் சொல்லியிருக்கிறாரே! தெரியாதவர் சொன்னால் பொறுத்துப் போகலாம். தெரிந்தே சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"முன்னப் பின்னத் தெரியாத ஆளுக்கெல்லாம் சூடாச் சுட்டுப் போட்டீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சுட ஒங்களுக்குக் கை கூசுச்சா?"

அமுதவல்லி அழவில்லை. கையைக் கழுவினாள், ஒரு தட்டை எடுத்தாள், சந்தனமேரி பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே கல் காய்ந்து புகைய ஆரம்பித்தது.

ஹரிணி பதறி எழுந்தாள். "நான் போறேம்மா."

"நீ உக்காரு."

சந்தனமேரி தன் தட்டை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள். புகை கூடத்துக்கு வந்தது. சோலையப்பன் எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

தீயைக் குறைத்தார், கல்லைத் துடைத்தார். கட்டையை நாலு முறை உருட்டினார், சப்பாத்தி நிலா போல வட்டமாக வந்தது. கல்லில் போட்டு, விரலால் திருப்பி, ஓரத்தை லேசாக அழுத்த, பந்து மாதிரி உப்பியது. பழக்க தோஷத்தில் செல்போனைத் தூக்கிய ஹரிணி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

சோலையப்பன் அதை எடுத்துவந்து அமுதவல்லியின் தட்டில் வைத்தார். பிய்த்ததும் குபீரென்று ஆவி வந்து விரலைச் சுட்டது. வாயில் போட்டாள். பூ மாதிரி இருந்தது. இத்தனை நல்ல சப்பாத்தியை அவள் பிறந்ததிலிருந்து தின்றதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வரட்டி மாதிரி இருந்திருந்தால்கூட ஆத்திரம் கொஞ்சம் அடங்கியிருக்கும். கை இருந்தது, பக்குவம் இருந்தது, வீட்டில் மாவும் இருந்தது. அவளுக்குச் செய்ய மட்டும் மனசு இல்லை.

சோலையப்பன் பக்கத்திலேயே நின்றார், எதையோ எதிர்பார்த்து.

அமுதவல்லி நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ஓரம் தடிப்பா இருக்கு" என்றாள். "இன்னொண்ணு போடுங்க."