படகில் ஏறாத ரோமெத்

எங்கள் பள்ளத்தாக்கில் ரோமெத்தைத் தெரியாத ஆள் இருந்தால் அவன் நேற்றுத்தான் பேருந்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். கோடையில் கூரைகளுக்கு ஓடு மாற்றுவான். குளிர்காலத்தில் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கற்றுக்கொடுப்பான். முப்பது குளிர்காலமாக அதே சறுக்குப் பள்ளி, அதே மலை. பெண்டாட்டி ஒரு ரொட்டிக்கடைக்காரனோடு போனதைக்கூட, அடுத்தவன் சொல்லிச் சிரிப்பதற்குள் அவனே மதுக்கூடத்தில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அப்பப்பா, அப்படி ஒரு வாய்.

நான் ஸென்ஸி. அதே மலையில் மீட்புக் குழுவில் இருக்கிறேன். அடிபட்டவர்களைக் கட்டிப் படுக்கவைத்துக் கீழே இறக்கும் சறுக்குவண்டிதான் என் பிழைப்பு. பார்க்கப் படகு மாதிரி இருப்பதால் நாங்கள் அதைப் படகு என்றுதான் சொல்வோம். முன்னால் நான், பின்னால் என் கூட்டாளி ஹெர்மன்.

விருந்தாளிகள் படகில் ஏறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சொல்லிக்கொடுக்கிற சிவப்புக் கோட்டுக்காரர் ஏறிவிட்டால் போச்சு. அன்று சாயங்காலமே மதுக்கூடத்தில் பெஞ்சின்மேல் நிற்க வைத்து, கழுத்தில் பெரிய மாட்டு மணியைக் கட்டி, எல்லோரும் மாடு மாதிரிக் கத்துவார்கள். பிறகு அந்த மணி, பள்ளிக்காரர்கள் கோட்டு மாட்டும் மதுக்கூடச் சுவரில் அவர் கொக்கியிலேயே தொங்கும். இன்னொரு சிவப்புக் கோட்டு படகில் வரும்வரை அதிலிருந்து அவருக்கு விடுதலை கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு டிசம்பரிலும் புது ஆட்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பவனே ரோமெத்துதான். எவனையாவது தரையில் படுக்கவைத்து விலாவில் தட்டிக்கொண்டே சொல்வான். "அடி இங்க, வலி இடது தோள்லன்னா, வயித்துக்குள்ள ரத்தம் கொட்டுதுன்னு அர்த்தம். எந்திரிக்க விடாத. வீரம் பேசினா வாயப் பொத்து. படகக் கூப்பிடு." நான் கேட்டதிலேயே தெளிவான பாடம் அதுதான். பாடம் முடிந்ததும் அதே வாயால் மணிக் கதைகளை ஆரம்பிப்பான்.

அந்த ஜனவரியில் ஃபிலோமேனாவுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. சிவப்புக் கோட்டில் இரண்டாவது குளிர்காலம்தான் அவளுக்கு, சின்னப் பெண். நான்தான் படகில் இறக்கினேன். சாயங்காலம் கட்டுப் போட்ட காலோடு அவளைப் பெஞ்சில் ஏற்றி, மணியைக் கட்டியவன் ரோமெத். அவள் ஒற்றைக் காலில் நின்று அழுதாள். "கறவைக்கு நேரமாச்சு, யாராச்சும் வாளி கொண்டாங்கடா!" என்று இவன் கத்தினான். கூரை அதிர்ந்தது. மறுநாளிலிருந்து அவள் ஊன்றுகோலோடு, மதுக்கூடத்தை ஒட்டிச் சறுக்குச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்தாள். மணி அவள் கொக்கியில் தொங்கியது. போகிறபோதும் வருகிறபோதும் ரோமெத் அதை ஒரு தட்டுத் தட்டாமல் போனதில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். ஹாலந்துக்காரர்கள் சிலருக்கு ரோமெத் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நிற்கத் தெரியாத ஒரு தடியன் மேலிருந்து வந்து இவன் இடது விலாவில் மோதினான். நானும் ஹெர்மனும் போய்ச் சேர்ந்தபோது ரோமெத் பனியில் உட்கார்ந்திருந்தான். அவன் சொல்லிக்கொடுத்தபடியே மாணவர்கள் அவனுக்கு மேல்சரிவில் இரண்டு சறுக்குப் பலகைகளைக் குறுக்காக நட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அடிபட்ட ஆள் கிடக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். ரோமெத் எழுந்து போய் இரண்டையும் பிடுங்கி எறிந்தான்.

"எங்கய்யா அடி?" என்றேன்.

"உன் மூஞ்சில. அந்தப் படகுப் பொட்டிய எடுத்துட்டுப் போடி."

"யோவ், விளையாடாத. எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்ல. தோள் லேசா இழுக்குது."

"எந்தத் தோள்?"

அவன் இடது கை தொங்கிய தொங்கலே எனக்குச் சொல்லிவிட்டது.

"இடது தோள்தானே? ரோமெத், நீ சொல்லிக்குடுத்ததுதான்யா இது. ஏறிப் படு."

"எனக்கே பாடம் எடுக்கறியா நீ?"

"செத்துப் போயிருவய்யா!"

"செத்தா செத்துட்டுப் போறேன். அந்த நொண்டிக் குட்டி முன்னாடி மணி கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? போடி, வேலையப் பாரு."

தெரிந்தேதான் சொன்னான். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பள்ளி முதலாளி வெண்டெலினை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். "ஹெலிகாப்டர் வேணும், ரோமெத்துக்கு உள்காயம்" என்று சொல்லி முடிப்பதற்குள் இவன் அதைப் பிடுங்கிக்கொண்டான். "வெண்டெலின், இவ ஏதோ உளர்றா. நான் தோ எறங்கி வர்றேன். பேரிக்காச் சாராயத்த எடுத்து வை." மறுமுனையில் சிரிப்பு. "அவனே வேணாங்கறான், விடு ஸென்ஸி." நினைவோடு மறுக்கிற ஆளைக் கட்டித் தூக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது.

இறங்கினான். காலிப் படகோடு நான் பின்னால் போனேன். இரண்டு இடத்தில் நின்று, ஹாலந்துக்காரர்களுக்காகக் காத்திருப்பதுபோல் பாவனை செய்தான். கையுறையை விலாவில் அழுத்திக்கொண்டிருந்தான். கீழே சிவப்புக் கோட்டுகள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டின. "சிங்கம்டா! ஸென்ஸி, இன்னிக்குப் போணியாகலயா?" என்று என்னைப் பார்த்து ஒரே நக்கல். அவனும் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

மதுக்கூடத்துக்குள் போனதும் நான் நேரே சமையலறைக்கு ஓடி மருத்துவருக்குத் தொலைபேசினேன். பக்கத்து ஊரில் இருந்தார், உடனே புறப்படுவதாகச் சொன்னார். திரும்பி வந்தபோது ரோமெத் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து மூன்றாவது குவளையைப் பிடித்திருந்தான். நெற்றி முழுக்க வேர்வை. ஃபிலோமேனா ஊன்றுகோலோடு ஜன்னலிலிருந்து எழுந்து வந்து அவனை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, உங்க உதடு ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"உன் முட்டியப் பாரு மாடே, என் உதட்டப் பாக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கண் என்னைத் தேடியது. பிறகு மெல்லச் சொன்னான்.

"ஸென்ஸி. படகு கொண்டா."

கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சிரிப்பு. முப்பது வருடத்தில் அவன் அடித்த ஜோக்குகளிலேயே இதுதான் உசத்தி என்று நினைத்துவிட்டார்கள், பாவிகள். "ஐயோ அவன் விளையாடலடா!" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வெண்டெலின் ஓடிப்போய் ஃபிலோமேனாவின் கொக்கியிலிருந்து மணியை எடுத்துவந்து அவன் கழுத்தில் கட்டினான். எல்லோரும் மாடு மாதிரிக் கத்த ஆரம்பித்தார்கள். ரோமெத் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. மணி கணகணக்கக் குப்புற விழுந்தான். அதற்கும் கைதட்டினார்கள். ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டவள் ஃபிலோமேனா. "நிறுத்துங்கடா! மூச்சு இல்லடா!" என்று அவள் அலறிய பிறகுதான் அடங்கினார்கள்.

மருத்துவர் வந்து பார்த்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. "மண்ணீரல் கிழிஞ்சிருக்கும். மேலேயே படகுல படுத்திருந்தா, இந்நேரம் இன்ஸ்ப்ரூக் ஆஸ்பத்திரியில உங்களத் திட்டிக்கிட்டுக் கெடந்திருப்பான்" என்றார்.

அமரர் வண்டியால் பனியில் மதுக்கூடம்வரை ஏறி வர முடியவில்லை. கீழே சாலையிலேயே நின்றுவிட்டது. நான் படகை வாசலுக்குக் கொண்டுவந்தேன். வெண்டெலின் குறுக்கே வந்து நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

"படகுல வேணாம் ஸென்ஸி. கடைசிவரைக்கும் ஏறாதவன்."

"கேட்டானேடா! உன் காதால கேட்டதானே!"

"கேட்டான். ஆனா ஏறல. தன் காலாலதான் எறங்கி வந்தான்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் அந்தப் படகிலேயே கட்டிப் பாறையில் உருட்டிவிடலாம்போல் இருந்தது. சமையலறைக் கதவைக் கழற்றி, அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். பனிக்கட்டியில் முன்னால் பிடித்தவனுக்குக் கால் வழுக்கியது. ஒருமுறை கீழே போட்டார்கள். மறுபடி தூக்கினார்கள்.

வெண்டெலின் திரும்பி வந்து, மருத்துவர் கழற்றிப் போட்டு மேசைக்கு அடியில் கிடந்த மணியை எடுத்துத் துடைத்தான். ஃபிலோமேனா இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கிடந்த ஊன்றுகோலைத் தாண்டிப் போய், மணியை அவள் கொக்கியிலேயே திரும்ப மாட்டினான்.