பலாவீரன் குதித்த பாறை

பூவரசனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கர்வம்தான். அவன் வரைந்தால் அச்சு அசலாக இருக்கும். புதூர்நாடு மலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவனுக்கு வேலை. மிஷின் தின்று துப்பிய தாள்களின் பின்பக்கத்தில் ‘பலாவீரன்’ என்று படக்கதை போடுவான். பலாத்தோல்தான் கவசம், முள்தான் ஆயுதம், முதுகில் பறப்பதற்கு ஒரு துண்டு. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் இருபது பிரதி அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவான்.

மற்ற சூப்பர் ஹீரோக்கள் எந்த மேப்பிலும் இல்லாத கண்ணாடிக் கட்டிட நகரங்களில் பறப்பார்கள். பலாவீரன் அப்படியில்லை. அவன் இறங்குவது நம் ரேஷன் கடைக் கூரையில், அதே ஓட்டைக்குப் பக்கத்தில். துரத்துவது மலைக்கு ஆள் ஏற்றி வரும் கண்ணாயிரத்தின் ஜீப்பை, இடது லைட் உடைந்த அதே ஜீப்பை. “நம்ம ஊர்ல நடந்தாதான்டா நம்புவாங்க” என்பான் பூவரசன்.

நம்பிவிட்டார்கள். வினையே அதுதான்.

பள்ளிக்கூட லீவில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரைக்கு, ஆடு மேய்க்கும் கிழவி சின்னக்குழந்தை கடை வாசலில் வந்து மூச்சிரைக்க நின்றாள்.

“டேய் பூவரசா! உங்க அக்கா பொண்ணு கழுகுப்பாறை மேல நிக்குதுடா. முதுகுல துண்டு கட்டிக்கிட்டு! எறங்குடின்னா, பறந்து வர்றேன் ஆயான்னுது!”

அக்கா சசிகலா களையெடுக்கப் போயிருந்தாள். ஏழு வயசு காவியாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் பூவரசன். காலையில் புது இதழைக் கையில் திணித்து, “இத்தப் படிச்சிக்கினு இரு” என்று வீட்டில் விட்டு வந்தவனும் அவன்தான். அந்த இதழில்தான் பலாவீரன் கழுகுப்பாறையிலிருந்து குதிக்கிறான். மிஷினை அணைக்கக்கூட நிற்காமல் ஓடினான்.

கழுகுப்பாறையின் பின்பக்கம் ஆடுகூட ஏறும். முன்பக்கம் மூன்று பனைமர உயரத்துக்கு நேர்ச்சரிவு. கீழே தார் ரோடு வளைந்து போகிறது. அவன் ஏறிப் பார்த்தபோது காவியா விளிம்பில் நின்றாள். கவுன் முழுக்கப் பலாத்தோலை ஊக்கு வைத்துக் குத்தியிருந்தாள். கையெல்லாம் பலாப்பால்.

“மாமா, அங்கியே நில்லு! கிட்ட வந்தா இப்பவே குதிச்சிடுவேன்.”

“இன்னாடி விளையாட்டு இது? அது கதை, கண்ணு.”

“பாறை நிஜம்தான?” அவள் தாளைப் பிரித்துக் காட்டினாள். “வளைஞ்ச வேப்பமரம் கீது. டவர் கீது. பாறையில சுண்ணாம்புல எழுதுன ‘தனசேகரன் ரேணுகாதேவி’ கூட கீது. எல்லாம் நிஜம்னா பறக்குறது மட்டும் எப்பிடி மாமா பொய்யாவும்?”

 பூவரசன் தன் படத்தில் ஒரு தப்பாவது இருக்காதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினான். எட்டுப் பக்கத்தையும் மனசுக்குள் புரட்டினான். வளைவு சரி. மரம் சரி. பாழாய்ப்போன கை ஒரு கோட்டைக்கூட மாற்றிப் போடவில்லை. கடைசிக் கட்டம் ஞாபகம் வந்தது.

“காவியா, அவன் எப்பக் குதிக்கிறான்?”

“நாலு மணி பஸ்ஸு கீழ வரும்போது. பஸ்ஸு மேல குதிப்பான்.”

“கரெக்டா நாலு மணிக்கா?”

“ஆமா. ‘மணி நாலு’ன்னு நீதான எழுதிக்கீற.”

“நம்ம ஊர் பஸ்ஸு என்னிக்காவது நாலு மணிக்கு வந்துக்கீதா?”

காவியா யோசித்தாள். நெற்றி சுருங்கியது. “வந்தா?”

“வந்தா இது அவன் ஊரு. வரலன்னா இது நம்ம ஊரு. நம்ம ஊர்ல எவனும் பறக்கமாட்டான், நடந்துதான் போவான்.”

“சரி. வந்தா குதிப்பேன்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. இரண்டு வருஷமாக நேரத்துக்கு வராத பஸ்ஸுக்கு இன்றைக்குப் பார்த்துப் புத்தி வந்துவிட்டால்? போனைப் பார்த்தான். மூன்று ஐம்பத்திரண்டு. குந்தி உட்கார்ந்தான். அவள் ரோட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சாண் நகர்ந்தான். ஒரு கல் உருண்டது. அவள் திரும்பினாள். “எறும்புடி” என்று காலைச் சொறிந்தான்.

மூன்று ஐம்பத்தொன்பது. வளைவுக்குக் கீழே ஹாரன் சத்தம்.

காவியாவின் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் விரித்தாள். கால் கட்டைவிரல் பாறையைத் தாண்டி வெறும் காற்றில் நின்றது. அவனுக்கும் அவளுக்கும் நடுவே இன்னும் ஐந்தடி.

“ஹாரன் மாமா!”

“பஸ்ஸு இல்லடி! நல்லாப் பாருடி!”

வளைவில் ஒரு லைட் தெரிந்தது. ஒன்றே ஒன்று. இடது பக்கம் உடைந்திருந்தது. பின்னால் பத்துப் பேர் தொங்க, கண்ணாயிரத்தின் ஜீப் முக்கி முனகி ஏறியது.

அவள் கைகள் தொங்கின. அந்த நொடியில் பூவரசன் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். பலாப்பாலில் கை பசையாக ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தார்கள். பலாமுள் அத்தனையும் அவன் நெஞ்சில் ஏறியது.

“பஸ்ஸு வரல மாமா” என்று அழுதாள் காவியா.

“வராது கண்ணு.” பஸ் வராததற்காக அந்த மலையில் ஒருவன் சாமிக்கு நன்றி சொன்னது அதுதான் முதல்முறை.

இருட்டுவதற்குள் அக்கா வந்தாள். “இன்னாடா, அவ கைய இன்னும் புடிச்சிக்கினே கீற?” என்றாள். “பலாப்பால் ஒட்டிக்கிச்சுக்கா” என்றான். தேங்காயெண்ணெய் போட்டு அந்தப் பசையைக் கழுவி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அடுத்த இதழில் பலாவீரனைக் கண்ணாடிக் கட்டிட நகரத்துக்குக் குடிமாற்றினான். காவியா படித்துவிட்டுத் தூக்கிப் போட்டாள். “இது எந்த ஊரு? இங்க ஆடு எங்க மேயும்?” சரியென்று மலைக்கே கூட்டி வந்தான். அதே மரம், அதே டவர், அதே உடைந்த லைட். ஒன்று மட்டும் புதிது. ஒவ்வொரு இதழிலும் முதல் கட்டத்தில் ஒரு பஸ் வந்து நிற்கும், பக்கத்தில் ‘மணி நாலு’ என்று இருக்கும். பார்த்ததுமே பிள்ளைகள் சிரிப்பார்கள். “டேய், இது நம்ம ஊர் இல்லடா!”

போன மாதம் ஒரு நாள் பஸ் நிஜமாகவே நாலு மணிக்கு வந்துவிட்டது. பூவரசன் போட்டது போட்டபடி கழுகுப்பாறைக்கு ஓடினான். மேலே ஆடுகள்தான் நின்றன.

“இன்னாடா,” என்றாள் சின்னக்குழந்தை, “நீயும் பறக்க வந்துட்டியா?”