எருமை வற்றிப்போன கிறிஸ்மஸ்

போன டிசம்பரில் என் மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அம்மா, இதப் பாரு. பாலும் இல்லாம முட்டையும் இல்லாம கிறிஸ்மஸுக்கு ஒரு டிரிங்க். வெளிநாட்டுல இப்ப இதுதான் ஃபேஷன்" என்றாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் பாதாம் பாலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மேலே பட்டைத்தூள் தூவிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேஷனைப் பற்றி எனக்கே பாடம். நான் தைத்து அனுப்புகிற சட்டையைத்தான் அந்த ஊர்க்காரர்கள் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். இன்றைக்குத் திருப்பூர் நல்லூரில் எழுபது தையல் மெஷின் என் பெயரில் ஓடுகிறது. ஒரு மெஷின்கூட அடுத்தவர் தயவில் வந்ததில்லை. அந்த வெள்ளைக்காரப் பெண் பிறப்பதற்கு முன்பே, ஒன்பது வயதில், பாலும் முட்டையும் இல்லாத கிறிஸ்மஸ் பாலை இந்தக் கையால் பிழிந்தவள் நான். பிழிந்ததில் ஒரு தப்பும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். அப்பா தினமும் சைக்கிளில் திருப்பூர் போய், ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி விரிப்பார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தை கணவரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவர். அப்பா குரலைத் தாழ்த்திப் பேசுகிற இடத்திலெல்லாம் அத்தை குரலை உயர்த்துவார். நான் யார் பக்கம் சாய்ந்து வளர்ந்தேன் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஊரில் ஒரே ஒரு வேதக்கோயில். அங்கே எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம். முன்பக்கம் பெஞ்சில் பெரிய வீட்டுக்காரர்கள், பின்பக்கக் கதவோரம் பாயில் எங்கள் வளவுத் தெருக்காரர்கள். கதவோரம் காற்று நன்றாக வரும். அதனால்தான் நாங்கள் அங்கே உட்காருகிறோம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

கிறிஸ்மஸ் காலை ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் முட்டைப்பால் ஊற்றுவது எங்கள் கோயில் வழக்கம். எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, முட்டையை நுரைக்க அடித்துக் கலந்து, ஜாதிக்காய் உரசிப் போடுவார்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த பக்குவமாம். வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை போட்டு ஊற்றுவார்கள். அந்த முறை ஐந்து வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஐந்தும் பெஞ்சு வீடுகள்.

அந்த வருடம் அத்தை பின்னாலிருந்து விரலால் இடித்துக்கொண்டே இருந்ததால், அப்பா சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த வாட்டி நாங்க ஊத்தறமுங்க" என்று கேட்டுவிட்டார். கோயில் பெரியவர் என்று ஒருவர் இருந்தார். நாலு எருமை, நாற்பது கோழி வைத்திருந்தவர். அவர் தொண்டையைச் செருமினார். ஆனால் பக்கத்தில் இருந்த பாதிரி ஐயர், "நல்ல காரியம், ஊத்தட்டும்" என்று சொல்லிவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. பாலும் முட்டையும் தன் வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சாப்பிட்டார்.

இருபத்து நாலாம் தேதி மத்தியானம் பெரியவர் வீட்டுக்குப் போன அப்பா, கொண்டுபோன பெரிய போசிப் பாத்திரத்தைக் காலியாகவே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"எருமை வத்திப் போச்சாம்" என்றார்.

"நாலுமா?" என்று கேட்டார் அத்தை.

"நாலுந்தானாம்."

"முட்டை?"

"அடைக்கு வெச்சுட்டாங்களாம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். முறையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா முனகினார். அத்தை காலிப் போசியை வாங்கி, தரையில் ணங்கென்று வைத்தார்.

"திருப்பிக் குடுத்தா அடுத்த வருசம் யாரு குடுப்பா? எருமை வத்துனா தென்னை மரமுமா வத்திப் போச்சு? ஆடி நோம்பிக்குப் பக்கத்து ஊட்டுல தேங்காப்பால் காச்சி நமக்கு ஒரு சொம்பு குடுக்கறாங்கல்ல? அதுக்கு எந்த எருமை கறந்துச்சு?"

இருபது தேங்காய் வந்து இறங்கியது. கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், அத்தை எங்கேயோ கெஞ்சி வாங்கிவந்த பாதி ஜாதிக்காய். முட்டைக்குப் பதிலாகக் கெட்டிப்பதம் வருவதற்குப் பச்சரிசியும் கசகசாவும் ஊறப்போட்டார். முட்டை நிறம் வரட்டுமே, துளி மஞ்சள் போடலாம் என்றார் அப்பா.

"நம்மளது எதுக்கு அவங்களது மாதிரி இருக்கோணும்? அது இருக்கற நிறத்துல இருக்கட்டும்" என்று அத்தை மஞ்சள் டப்பாவை மேலே வைத்துவிட்டார்.

தேங்காய்ப்பால் புளித்துவிடும் என்பதால் மறுநாள் கோழி கூவும்போது வேலை தொடங்கியது. அம்மா துருவ, அத்தை உரலில் ஆட்ட, பிழிகிற வேலை எனக்கு. "நல்ல துணியா ஒண்ணு எடுத்துட்டு வா கண்ணு" என்றார் அத்தை. கொடியில் அம்மாவின் பழைய வெள்ளைச் சேலை தொங்கியது. துவைத்துத் துவைத்து நைந்தது. அதையா எடுப்பேன்? ஊரே குடிக்கப்போகிறது! அப்பா கம்பெனியிலிருந்து சைக்கிள் துடைக்கக் கொண்டுவந்த பனியன் துணி ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. பின்னுகிற மெஷினிலிருந்து அறுத்தபடியே, குழாய் மாதிரி, புத்தம்புதிதாக. ஒரு முனையை முடிச்சுப் போட்டு, தேங்காய் விழுதை உள்ளே கொட்டி முறுக்கினேன். என்னமாய் இழுத்துக்கொடுத்தது! ஒரு துளி பால் மிச்சமில்லாமல் போசியில் இறங்கியது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று தேங்காய் முடிந்தபின் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினேன். கையில் சைக்கிள் கடை வாசம். இன்றைக்கு இந்த ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், மெஷினில் ஓட்டி வெளுக்காத துணியில் ஊசிக்கு விடுகிற எண்ணெய் ஏறியிருக்கும், பனியன் துணியில் புதுசுதான் அழுக்கு என்று. எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிழிந்த பால் ஏற்கெனவே போசிக்குள் போயாகிவிட்டது. சொன்னால் அத்தை அத்தனையையும் கொட்டிவிடுவார், மிச்சத் தேங்காய் ஊருக்குப் பத்தாது. துணியை விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, பழைய சேலைத் துண்டை எடுத்து மிச்சத்தைப் பிழிந்தேன். வாய் திறக்கவில்லை.

அரிசி விழுதும் கருப்பட்டியும் கொதித்தபின், அடுப்பிலிருந்து இறக்கித்தான் முதல் பாலை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துபோகும். அத்தை அளவு பார்த்து ஊற்றினார், துழாவினார், ஜாதிக்காயை உரசிப் போட்டார். கூடமே மணத்தது. எனக்கு மட்டும் சைக்கிள் கடை மணத்தது.

ஆராதனை முடிந்தது. ஐயர் பக்கத்து ஊர் ஆராதனைக்குக் கிளம்பிப் போய்விட்டார். வேப்பமரத்தடியில் அப்பா வெள்ளைச் சட்டையோடு நின்று டம்ளர் டம்ளராக ஊற்றி நீட்டினார். முதலில் பெரியவர் வாங்கினார். "சந்தோசம்ப்பா" என்று சொல்லி, அப்படியே கோயில் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவரும் வாங்கினார், வைத்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. சுவர்மேல் டம்ளர்கள் வரிசையாக நின்றன. எண்ணெய் வாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

பெரியவரின் மனைவி, "பாலில்லாம முட்டையில்லாம இதென்னங்க கிறிஸ்மஸ் பாலு? எங்களுக்குத் தேங்காப்பால் ஒத்துக்காது" என்றார்.

"பாலும் முட்டையும் உங்க ஊட்டுல கேட்டமுங்க. எருமை வத்திப் போச்சுன்னீங்க" என்றார் அத்தை.

"வத்தித்தான் போச்சு."

"அப்புறம் உங்க பேத்திக்கு மீசை எங்கிருந்துங்க மொளைச்சுச்சு?"

பெரியவரின் பேத்தி தன் அம்மாவின் இடுப்பில் இருந்தாள். காலையில் குடித்த பால் மேலுதட்டில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். பெரியவர் வானத்தைப் பார்த்தார்.

"வேண்டாங்க்கா, போலாம்" என்றார் அப்பா. அத்தை அசையவில்லை. சுவர்மேல் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போசியில் திரும்ப ஊற்றினார். "ஒருத்தர் வாயும் படலீங்க. சுத்தமாத்தான் இருக்குது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு ஒரு பக்கம் அத்தையும் மறுபக்கம் அம்மாவுமாகப் போசியைத் தூக்கிக்கொண்டு வெளிவாசலைத் தாண்டி, ரோட்டோரம் பஸ் நிற்கிற இடத்தில் இறக்கினார்கள். அழுமூஞ்சி என்று நான் நினைத்திருந்த அம்மா அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லத் திருப்பூரிலிருந்து சைக்கிளில் வந்த அவர் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர் பாய்தான் முதல் டம்ளர் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனவர் நின்றார். ஒரு வாய் குடித்தார்.

"ஏனுங்கம்மா, இதுல நம்ம கம்பெனி வாசம் அடிக்குதே?"

அவசரமாகக் கையைப் பாவாடையில் துடைத்தேன். பாய் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "கம்பெனிச் சோறு திங்கிறவனுக்கு இதுதான் ருசி. இன்னொண்ணு ஊத்துங்க" என்றார். அப்புறம் அவிநாசி பஸ்ஸுக்கு நின்றவர்கள், காய்க்கூடைக்காரம்மா, பஸ் வந்ததும் கண்டக்டர், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிய டிரைவர். அரைமணி நேரத்தில் போசி காலி.

அடுத்த வருடம் முறை எங்களுக்கு வரவில்லை. அத்தை கேட்கவும் இல்லை. நேராக பஸ் நிறுத்தத்தில் போசியை இறக்கினார். அத்தைக்குப் பின் நான் இறக்குகிறேன். பத்து எருமை வாங்கிக் கட்ட எனக்கு வசதி உண்டு. வாங்க மாட்டேன். எழுபது மெஷின்காரர்களும், தெக்கத்திக்காரர்களும் பீகார்ப் பிள்ளைகளும், கிறிஸ்மஸ் அன்று என் யூனிட் வாசலில் தேங்காய்ப்பால்தான் குடிக்கிறார்கள். அந்தப் பால் மீசைக்காரியின் மகன் என்னிடம்தான் செக்கிங் சூப்பர்வைசர். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதற்கு நிற்பான். ஊற்றுவேன். ஏன் ஊற்றாமல்?

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இந்தத் தைரியமெல்லாம் இல்லை. அத்தை வாசலில் சாம்பல் போட்டுப் போசி தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று தேம்பினேன். "அத்தை, நாந்தான் எண்ணெய்த் துணியில பிழிஞ்சேன். அதனாலதான் கோயில்ல ஒருத்தருமே குடிக்கல."

அத்தையின் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். தண்ணீர் ஊற்ற வந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு அத்தை சாம்பல் கையோடு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"ஆமாங் கண்ணு. எண்ணெய் வாசந்தான். வேறொண்ணுமில்ல. அடுத்த வருசம் நல்ல துணியாப் பாத்து எடு."

நான் அதை நம்பினேன். அப்பாவைத் தலைகுனிய வைத்தது என் கைதான் என்று பல வருடம் நம்பினேன். துணியை மூன்று தடவை வெந்நீரில் அலசாமல் பிழிந்ததில்லை. சொந்தமாக நாலு மெஷின் போட்ட பிறகு, ஒரு நாள் வெளுக்காத துணிக்கட்டு ஒன்று வந்தது. வாசம் தெரிகிறதா என்று அள்ளி மூக்கருகே கொண்டுபோனேன். அப்போதுதான் உறைத்தது. அந்த வாசம் தெரிய வேண்டுமென்றால் டம்ளரை மூக்கு வரைக்குமாவது தூக்கியிருக்க வேண்டும். அன்றைக்குக் கோயில் வாசலில் ஒருவரும் அதை நெஞ்சு உயரத்துக்குக்கூடத் தூக்கவில்லை.